ஊரார் எழுதும் செய்முறைக் குறிப்புகளைத் திருத்த லிப்ரே ஆபீஸ் ரைட்டர்: கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைப்பது, குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் புதிதாக வருகிறவர் கத்தி பிடிப்பது, கெளுத்தி மீன் குழம்பு வைப்பது, பழைய கணினியில் லினக்ஸ் போடுவது என்று தெரிந்தவர்களே எழுதி இணையத்தில் பகிரும் செய்முறைக் குறிப்புகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். எழுதுகிறவர்களுக்குத் தொழில் அத்துபடி, எழுத்து அப்படியல்ல. செல்போனில் பேசியே தட்டச்சு செய்தது, பாதியை இன்னொருவர் சேர்த்தது, பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றியது எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். அந்தக் கோப்பைப் பிழை திருத்தி, எழுதியவரின் மனம் நோகாமல் திருப்பிக் கொடுக்க லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருள் எவ்வளவு உதவும் என்பதே இந்த மதிப்பீடு. கடிதம் எழுதவோ புத்தகம் வடிவமைக்கவோ அது எப்படி என்பது இங்கே கணக்கில் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ்ச் சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும் வேலைக்கு மட்டும் என்றால் 5-க்கு 2.5. அதோடு வரும் விலக்கு அகராதி, திருத்தத் தடம், தேடி மாற்றும் வசதி ஆகியவற்றையும் சேர்த்தால் 4. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "தமிழுக்கு இது சரிவராது" என்று மூடிவிடுகிறார்கள்.

விலை கிடையாது. 2010-ல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள். விண்டோஸில் நிறுவ 1.5 ஜிபி வரை இடம் கேட்கும். பிரவுசிங் சென்டரில் கிடக்கும் பழைய கணினியிலும் ஓடும், திறக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நிறுவியதும் பலர் சறுக்கும் இடம் மொழி அமைப்பு. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ், அதற்குள் லாங்குவேஜ் செட்டிங்ஸ் (புதிய பதிப்புகளில் லாங்குவேஜஸ் அண்ட் லோக்கேல்ஸ்) போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற வரியில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பதிப்புகளில் அந்த வரிக்கு முன்னால் ஒரு டிக் போட்டால்தான் அது திறக்கும். தமிழ்ச் சொற்பட்டியல் கூடவே வரவில்லையென்றால் லிப்ரே ஆபீஸின் நீட்சிகள் பக்கத்திலிருந்து இறக்கிச் சேர்த்துவிட்டு, மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கோப்பு முழுவதும் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லையென்றால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் அது பிழையில்லாத கோப்பு அல்ல, மொழி தவறாகக் குறிக்கப்பட்ட கோப்பு. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது, அங்கிருந்த மொழிக் குறியும் சேர்ந்து வந்துவிடும். அந்த மொழிக்கு அகராதி இல்லையென்றால் ரைட்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும். எந்த ஒரு தமிழ்ச் சொல்லிலும் கர்சரை வைத்துவிட்டுக் கீழ்ப்பட்டையில் மொழியின் பெயரைப் பாருங்கள். தமிழ் இல்லையென்றால் முழுவதையும் தெரிவுசெய்து, ஃபார்மட் பட்டியில் கேரக்டர், அதில் எழுத்துருத் தாவலுக்குப் போய்த் தமிழாக மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையே வராமலிருக்க, ஒட்டும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு வி விசையை அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

இனிச் சிவப்புக் கோட்டின் தரம். உள்ளே வேலை செய்வது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி. வேர்ச்சொற்களின் பட்டியல் ஒரு கோப்பில், அவற்றோடு என்னென்ன ஒட்டு சேரும் என்ற விதிகள் இன்னொரு கோப்பில். அடிப்படையில் அது இரண்டு அடுக்குப் பின்னொட்டு வரைதான் பிரித்துப் பார்க்கும். "வெட்டினால்" என்பதில் சிக்கல் இருக்காது. "வெட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம்" என்று ஒரே மூச்சில் எழுதினால் அது கைவிரித்துவிடும். அதனால் சரியான சொற்களுக்கும் ஏராளமாகச் சிவப்புக் கோடு விழும். எழுதியவர் நீளமாகச் சேர்த்து எழுதும் பழக்கமுள்ளவர் என்றால் பக்கமே சிவந்துவிடும். கோடு விழுந்ததெல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டு, கரெக்ட் ஆல் பொத்தானை அழுத்தக் கூடாது. "மூடத பாத்திரத்தில்" என்று ஒரு கால் விடுபட்டிருந்தால், பரிந்துரைப் பட்டியலில் "மூடாத", "மூடிய" இரண்டுமே வரக்கூடும். தமிழில் எதிர்மறை என்பது பெரும்பாலும் ஒரே ஒரு காலில்தான் நிற்கிறது. அவசரத்தில் அடுத்த வரியைத் தொட்டால் செய்முறையே தலைகீழாகிவிடும்.

அதைவிட மோசமானது, கோடு விழாத பிழை. ஊர்க் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகள் இவை: "மிளகாயை வருத்து எடுக்கவும்", "வெங்காயத்தைப் பொடியாக அறிந்து கொள்ளவும்", "அப்பளத்தைப் பொறிக்கவும்", "அடுப்பை மெதுவாக எறிய விடவும்", "அறைக் கரண்டி மஞ்சள்". மிளகாயை வருத்தப்படுத்தி வெங்காயத்தை அறிந்துகொள்ளும் இந்தச் சமையலில் சொல் ஒவ்வொன்றும் தமிழில் இருக்கிற சொல்தான். வறுத்து, அரிந்து, பொரிக்கவும், எரிய, அரை என்று இருக்க வேண்டும் என்பது அகராதிக்குத் தெரியாது, அது இடம் பார்ப்பதில்லை.

இங்கேதான் ரைட்டரில் பலரும் தொடாத ஒரு வசதி பயன்படுகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக அதே மொழிப் பகுதியில் ரைட்டிங் எய்ட்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால், பயனர் அகராதிகளின் பட்டியல் இருக்கும். நியூ அழுத்தி, "சமையல் விலக்கு" என்பதுபோல் ஒரு பெயர் கொடுத்து, எக்செப்ஷன் என்ற கட்டத்தில் டிக் போட்டால் அது தலைகீழ் அகராதி ஆகிவிடும். அதில் சேர்க்கும் சொல் சாதாரண அகராதியில் சரியான சொல்லாக இருந்தாலும், ரைட்டர் அதைப் பிழை என்று கோடிட்டுக் காட்டும். பக்கத்துக் கட்டத்தில் கொடுத்த சொல்லைப் பரிந்துரைக்கும். இடப்பக்கம் வருத்து, வலப்பக்கம் வறுத்து. அவ்வளவுதான்.

ஒரு குறை உண்டு. இந்த அகராதி சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்; ஒட்டுகளை அதுவாக விரித்துக்கொள்ளாது. "பொறிக்கவும்", "பொறித்து", "பொறித்த", "பொறித்தெடுத்து" என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். கையால் சேர்ப்பது அலுப்பு என்றால், லிப்ரே ஆபீஸின் பயனர் அடைவில் வேர்ட்புக் என்ற கோப்புறைக்குள் அகராதியின் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். தலைப்பு வரிகளுக்கும் மூன்று சிறு கோடுகளுக்கும் கீழே, வரிக்கு ஒன்றாக,

வருத்து==வறுத்து
பொறித்து==பொரித்து
பொறிக்கவும்==பொரிக்கவும்

என்று எழுதிக்கொண்டே போகலாம். ரைட்டரை மூடிவிட்டுத்தான் திருத்த வேண்டும். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். அந்தத் தலைப்பு வரிகளைத் தொடக் கூடாது, தொட்டால் ரைட்டர் கோப்பை அகராதியாகவே ஏற்காது. பொருளுக்கு ஒரு அகராதி என்று பிரித்து வைப்பது நல்லது. சமையல் குறிப்பு திருத்தும்போது சமையல் விலக்கில் மட்டும் டிக். "பொறித்து" என்ற சொல் கல்வெட்டைப் பற்றிய கட்டுரையில் சரியான சொல். அங்கே அந்த டிக் இருந்தால் தொந்தரவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடிய பிழைகளும் சில உண்டு. ற் என்ற மெய்க்குப் பின்னால் இன்னொரு வல்லின மெய் வராது என்பது தமிழ் இலக்கணம். பயிற்ச்சி, முயற்ச்சி, அதற்க்கு, கற்ப்பித்தல் எல்லாம் இந்த விதியில் அடிபடும். கன்ட்ரோல் பிடித்து எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் "ற்ச்", மாற்றும் கட்டத்தில் "ற்" கொடுத்து ரிப்ளேஸ் ஆல் அழுத்தலாம்; பயிற்ச்சி பயிற்சியாகிவிடும். "ற்க்", "ற்ப்" இரண்டுக்கும் அதுவே. ட் என்ற மெய்க்கும் விதி அதேதான், காட்ச்சி, நுட்ப்பம் எல்லாம் பிழைதான். ஆனால் "ட்ச்" என்பதை மொத்தமாக மாற்றினால் கணினிக் குறிப்பிலும் மின்வேலைக் குறிப்பிலும் வரும் "ஸ்விட்ச்" புள்ளிச் ச் இல்லாமல் "ஸ்விட்" ஆகிவிடும். அதனால் ட் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். "எண்ணை" என்பதை "எண்ணெய்" ஆக்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "தொலைபேசி எண்ணை எழுதவும்" என்பதில் இருப்பது வேறு எண்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பிழை. "கொள்ளவும்" என்ற சொல்லுக்கடியில் சிவப்புக் கோடு. வலச்சொடுக்கினால் பரிந்துரையிலும் அதே "கொள்ளவும்". பார்க்க இரண்டும் ஒன்று. காரணம், ொ என்பதை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ெ, ா என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த பழைய கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய வரும். தேடும் கட்டத்தில் ெ, ா இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து, ஒற்றை ொ ஆக மாற்றிவிட்டால் பாதிச் சிவப்பு மறைந்துவிடும். ோ என்பதற்கும் இப்படியே செய்யலாம்.

ஆனால் ௌ என்பதில் கை வைக்கும்போது கவனம் தேவை. "கௌரவம்" என்பதை "கெளரவம்" என்று ெ, ள சேர்த்து எழுதியிருப்பார்கள்; பார்க்க ஒன்றுபோல இருக்கும். இதைத் திருத்துகிறேன் என்று "ெள" எல்லாவற்றையும் ௌ ஆக மாற்றினால் வெள்ளம், தெளிக்கவும், வெளியே, வெள்ளை எல்லாமே சிதைந்துபோகும். கெளுத்தி மீனும் தப்பாது. பூச்சிமருந்துக் குறிப்பில் "தெளிக்கவும்" இல்லாத பக்கம் ஏது? கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுவதே வழி.

இதே இனத்தில் இன்னொன்று: க என்ற எழுத்துக்குப் பதில் ௧ என்ற தமிழ் எண், எ-வுக்குப் பதில் ௭, உ-வுக்குப் பதில் ௨. படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்த கோப்புகளில் வரும். சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் பிடித்து எக்ஸ் அழுத்தினால் எழுத்து அதன் குறியீட்டு எண்ணாக மாறிக் காட்டும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நல்ல எழுத்தையும் சந்தேக எழுத்தையும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இவ்வளவும் எழுத்துப் பிழை. செய்முறைக் குறிப்பில் ஆளைக் கெடுக்கும் பிழைகள் எண்ணிலும் வேற்றுமை உருபிலும் இருக்கின்றன. எந்தக் கருவியும் அதைக் காட்டாது. ரைட்டர் இதற்கு ஒரு சின்ன உதவி மட்டும் செய்யும். தேடி மாற்றும் சாளரத்தில் அதர் ஆப்ஷன்ஸ் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்பதில் டிக் போட்டு, தேடும் கட்டத்தில் [0-9]+ என்று எழுதி ஃபைண்ட் ஆல் அழுத்தினால், கோப்பிலுள்ள எல்லா எண்களும் ஒரே நேரத்தில் நிறமேறி நிற்கும். அவற்றை மட்டும் ஒருமுறை, வாக்கியத்தைப் படிக்காமல், எண்ணும் அளவையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அரை, கால், முக்கால், ஒன்றரை என்று எழுத்தில் எழுதியவை இதில் சிக்காது. அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். தேனீப் பெட்டிக் குறிப்பில் "கால்" தேடினால் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் பெட்டிக் கால்களும் சேர்ந்து வரும், அது பரவாயில்லை.

ரப்பர் குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஒட்டுக்கன்றிலிருந்து வந்த மரத்தில், ஒட்டுப் பகுதிக்கு மேலே 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. ஆன பிறகு வெட்டத் தொடங்குவது முறை. வெட்டின் சரிவு 30 பாகை, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வர வேண்டும். யாரோ அவசரத்தில் "விட்டம் 50 செ.மீ." என்று எழுதிவிட்டால் எழுத்தும் சரி, இலக்கணமும் சரி, எண்ணும் சரி, ஆனால் மரம் மூன்று மடங்குக்கு மேல் பருக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "30 பாகை" என்பது "30 சதவீதம்" ஆகியிருந்தாலும் அப்படியே. இரண்டும் ஒரே சரிவு அல்ல. எண் சரியாக இருக்கும்போது அதன் பக்கத்துச் சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேற்றுமை உருபு இன்னும் ஆபத்தானது. ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலத்தைக் கரைப்பது பற்றிய படியில் "தண்ணீரில் அமிலத்தை ஊற்றவும்" என்பதே பாதுகாப்பான வாக்கியம். "அமிலத்தில் தண்ணீரை ஊற்றவும்" என்று உருபு இடம் மாறினால் தெறிக்கும், கையும் முகமும் புண்ணாகும். சொற்கள் அதே மூன்றுதான், பிழைதிருத்தி இரண்டுக்கும் தலையாட்டும். எனவே அமிலம், மருந்து, மின்சாரம், தீ சம்பந்தப்பட்ட படிகளை மட்டும் சத்தமாக வாசித்து, எது எதற்குள் போகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

சுருக்கங்களும் இங்கேதான் கெடுக்கின்றன. "1 கி. சீனி" என்றால் கிராமா கிலோவா? "2 தே.க." என்றால் தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. கரண்டியில் இரண்டு. ஆனால் 15 மி.லி. மேசைக்கரண்டியையும் சிலர் அவசரத்தில் அப்படியே எழுதுகிறார்கள். திருத்துகிறவர் ஊகித்து விரிக்கக் கூடாது.

அடுத்து, பிழையல்லாத சிவப்பு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. பேச்சுச் சொற்களில் பல இந்த அகராதிக்குப் புரியாது. மரச்சீனி, சிரட்டை, ஒட்டுப்பால், நல்லமிளகு எல்லாவற்றுக்கும் கோடு விழலாம். இவற்றை நேர்மறைப் பயனர் அகராதி ஒன்றில், அதாவது எக்செப்ஷன் டிக் இல்லாத அகராதியில், சேர்த்துவிட வேண்டும். சிரட்டையைக் கொட்டாங்கச்சி ஆக்குவது திருத்தம் அல்ல. ரப்பர் மரத்தடியில் சிரட்டைதான் தொங்குகிறது, வாசிக்கப் போகிறவருக்கும் அது சிரட்டைதான். வெளியூர் வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் அடைப்பில் விளக்கம் கொடுத்தால் போதும்.

சில சொற்களில் இந்தக் கைவண்ணம் சேதமே விளைவிக்கும். தேனீக்களுக்குப் பஞ்ச காலத்தில் சீனியும் தண்ணீரும் சம அளவு கரைத்துக் கொடுப்பார்கள். "சீனி" கொச்சை என்று நினைத்து ஒருவர் "சர்க்கரை" என்று மாற்றிவிட்டால், சர்க்கரை என்றால் வெல்லம் என்று எடுத்துக்கொள்ளும் வீட்டில் வெல்லப்பாகு போய்விடும். அது தேனீயின் வயிற்றைக் கெடுக்கும். மிளகுக்கும் இதே கதை. நல்லமிளகு என்றால் குருமிளகு, அதாவது கருப்பு மிளகு, என்பதில் குழப்பமில்லை. வெறுமனே "மிளகு 10" என்று இருந்தால், எழுதியவர் வீட்டுப் பேச்சில் அது மிளகாய் வத்தலாகவும் இருக்கலாம். கேட்காமல் தொடக் கூடாது.

தொழில் தெரியாமல் பொருளைத் திருத்துவதும் நடக்கிறது. "ரப்பர் தளிர்விடும்போது இலையில் ஊறும் தேனைத் தேனீ எடுக்கும்" என்ற வரியைப் பார்த்து, இலையில் ஏது தேன் என்று "பூவில்" என்று மாற்றிவிடுவார்கள். ரப்பரில் இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில்தான் தேன் ஊறுகிறது. ரப்பர் காட்டை நம்பிப் பெட்டி வைத்திருப்பவர் தளிர் வரும் மாதங்களைத்தான் கணக்குப் பார்ப்பார். எழுதியவர் சொன்னது சரி.

அதனால்தான் ரைட்டரில் முதல் வேலையாக எடிட் பட்டியில் ட்ராக் சேஞ்சஸ், ரெக்கார்டு போட்டுவிட வேண்டும் (கன்ட்ரோல், ஷிஃப்ட் பிடித்து சி). நீக்கியது கோடிட்டும் சேர்த்தது நிறத்திலும் நிற்கும். எழுதியவர் ஒவ்வொன்றையும் ஏற்கலாம், தள்ளலாம். ஆனால் இடைவெளி, நிறுத்தக்குறி, ற்ச் போன்ற மொத்த மாற்றங்களைப் பதிவு போடும் முன்பே முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பக்கம் முழுவதும் நிறமாகி, உண்மையில் பார்க்க வேண்டிய திருத்தம் அதற்குள் தொலைந்துவிடும். அப்படிச் செய்ததை மேலே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பொருள் மாறக்கூடிய இடத்தில் திருத்தாமல் குறிப்பு போடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் பிடித்து சி. குறிப்பின் தொனி ஊர்த் தொனியாகவே இருக்கட்டும்: "அண்ணே, மூணாவது படியில கி.ன்னு இருக்கு. கிராமா, கிலோவா? நான் மாத்தல." இதற்குப் பதில் உடனே வரும். "பல பிழைகள் உள்ளன, கவனமாக எழுதவும்" என்று போட்டால், அடுத்த குறிப்பு எழுத அவர் வரமாட்டார், அவரிடமிருக்கும் தொழிலறிவும் வராது.

கேட்காமலே முழுதும் திருத்தி அனுப்பிய கோப்பு வந்தால், அதே ட்ராக் சேஞ்சஸ் பட்டியில் கம்பேர் டாக்குமென்ட் இருக்கிறது. திருத்திய கோப்பைத் திறந்துவைத்து மூலக் கோப்பைக் காட்டினால் வேறுபாடுகள் தடங்களாக வந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு "பிழை திருத்து" என்று சொல்லி வாங்கிய கோப்புக்கு இது கட்டாயம். அவை எழுத்துப் பிழையை நன்றாகவே பிடிக்கும். கூடவே மரச்சீனியை மரவள்ளியாக்கும், இரண்டு படிகளை ஒன்றாகச் சேர்க்கும், எழுதியவர் சொல்லாத எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்துவைக்கும். ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

ஒற்றுப் பிழையில், அதாவது சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் விடுபடும் இடத்தில், ரைட்டர் அநேகமாக உதவாது. "கத்தியை தீட்டவும்", "அதற்கு பிறகு", "தண்ணீரை சேர்க்கவும்" எல்லாவற்றிலும் சொற்கள் தனித்தனியே சரி. இதற்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி என்ற சந்திப்பிழை திருத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவருடைய வாணி எழுத்துப் பிழைக்கு. ஹன்ஸ்பெல் கோடிட்டு நம்மைக் குழப்பும் இடத்தில் வாணியில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்ல இரண்டாவது கருத்து. இரண்டிலும் வெறும் எழுத்தாக ஒட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதால், படம், அட்டவணை உள்ள கோப்பை நேரடியாக அங்கே திருத்தாமல், அது காட்டும் இடத்தை ரைட்டரில் வந்து மாற்ற வேண்டும். விதி தெரிந்துவைத்திருந்தால் கையாலேயே பாதியை முடிக்கலாம்: ஐ, கு உருபுகளுக்குப் பின் ஒற்று மிகும், அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும், "சிறிய கிண்ணம்" போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது, "எடுத்துக் கொள்" என்பதில் மிகும், "செய்து பார்" என்பதில் மிகாது. முழு எண்களில் எட்டு, பத்து மட்டும் வலி மிகும்: எட்டுத் தேக்கரண்டி, பத்துக் கரண்டி. ஐந்து கரண்டி, ஆறு கரண்டி என்பதில் ஒன்றும் வராது. ஒற்றை விட்டால் வாக்கியம் அழகு கெடும், செய்முறை கெடாது. எனவே நேரம் குறைவாக இருந்தால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கணினிக் குறிப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை. ரைட்டர் நேர் மேற்கோள்குறியை வளைந்ததாக மாற்றும். இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக்கும். கட்டளை வரியில் அது நடந்தால், நகலெடுத்து ஓட்டுகிறவருக்குப் பிழைச்செய்திதான் கிடைக்கும், காரணமும் தெரியாது. டூல்ஸ் பட்டியில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து, லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ் தாவலில் மேற்கோள்குறி மாற்றத்தையும், ஆப்ஷன்ஸ் தாவலில் கோடு மாற்றத்தையும் அணைத்துவிட்ட பிறகுதான் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். கட்டளை வரிகளைத் தெரிவுசெய்து டூல்ஸ், லாங்குவேஜ் வழியாக நன் (எந்த மொழியும் இல்லை) என்று கொடுத்துவிட்டால் பிழைதிருத்தி அவற்றைத் தொடாது.

குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வசதி. வேர்ட்புக் கோப்புறையிலுள்ள அகராதிக் கோப்புகளை வாட்சாப்பில் அனுப்பி, அடுத்தவர் கணினியில் அதே கோப்புறையில் போட்டு ரைட்டரை மூடித் திறந்தால், மாவட்டச் சொற்களும் விலக்குச் சொற்களும் அவருக்கும் வந்துவிடும்; ரைட்டிங் எய்ட்ஸ் பக்கத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகச் சேர்த்த அகராதிகளை ஒன்றாக்க நோட்பேடில் கீழே கீழே ஒட்டினால் போதும், தலைப்பு வரிகள் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டால் சரி.